வெயில் தின்ற சிவப்பு

நிறச் சக்கரத்தில் அடுத்தடுத்து இருக்கும் நிறங்கள் சண்டை போடாது. டிசைன் வகுப்பில் நான் முதலில் படித்த பாடம் இது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து நிற்கும், கண்ணை உறுத்தாது. பதுளையில் நான் வேலை பார்க்கும் பேனர் கடையில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் இதையே போட்டு நல்ல பெயர் வாங்கியிருந்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து இளைஞர்கள் மண்சரிவு எச்சரிக்கைப் பலகை கேட்டபோதும் அதையே போட்டேன். தோட்டத்தின் வரைபடத்தில் மஞ்சள் பூசிய இடத்தில் இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும், ஆரஞ்சு என்றால் மூட்டை கட்டி வைக்க வேண்டும், சிவப்பு என்றால் மழை பிடித்ததுமே கோயிலுக்குக் கிளம்ப வேண்டும். அம்மா இருக்கும் லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், சிவப்பில் இருந்தது. "எம்புட்டு அழகா இருக்கு" என்று மெச்சி, காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில், வெயில் நேராக விழும் சுவரில் மாட்டினார்கள்.

அடுத்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. கடையிலிருந்து அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"கெளம்பிட்டீங்களாம்மா?"

"எதுக்கு? காலையில பலகையப் பாத்தேனே. நம்ம லயம் ஆரஞ்சுதான். மூட்டையெல்லாம் கட்டி வச்சிட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெயில் தின்ற சிவப்பு பக்கத்து நிறமாகத்தான் மாறும். மூன்று நிறமும் ஒவ்வொரு படி இறங்கினால் படம் அப்போதும் அழகாகத்தான் இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது.

"அது சிவப்பும்மா! வெளுத்துப் போச்சு. இப்பவே கோயிலுக்குப் போங்க!"

"நாங் கண்ணால பாத்தேன் புள்ள."

"செஞ்சவ நான் சொல்றேன், கேளுங்களேன்!"

அழுதுவிட்டேன். அந்த அழுகைக்காகத்தான் அம்மா கிளம்பினார்.

கோயில் மண்டபத்திலிருந்து அவர் கூப்பிட்டபோதுதான் போன உயிர் திரும்பியது. ஆனால் அவர் குரல் சரியில்லை.

"பக்கத்து வீட்டுக்காரி வரமாட்டேங்குறா. ஆரஞ்சுக்கு எதுக்கு ஓடணும், ஒம் மக சும்மா பயப்படுறாங்குறா. கைப்புள்ளக்காரி. நாம் போயி இழுத்துக்கிட்டு வாறேன்."

"போகாதீங்கம்மா! நீங்க அங்கனயே இருங்க!"

அந்தக் குழந்தையை நானும் மடியில் வைத்துக் கொஞ்சியிருக்கிறேன். அப்படியும் அதைத்தான் கத்தினேன். அம்மா போனை வைத்துவிட்டார்.

தாயும் பிள்ளையும் அம்மாவோடு கோயில் படியேறிய பிறகுதான் லயத்தின் பின்சுவர் மண்ணுக்குள் போனது. அந்தச் சுவரை ஒட்டித்தான் குழந்தையின் தொட்டில் தொங்கியது. இன்றும் மழை வலுத்தால் எனக்கு மலையை விட ஒரு நினைப்பைக் கண்டுதான் அதிகப் பயம்: அம்மா அன்று என் பேச்சைக் கேட்டு மண்டபத்திலேயே உட்கார்ந்திருந்தால்?