அம்மா கேட்ட சாய்கோடு

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, முன்னறை ஜன்னலுக்குத் திரைக்கம்பி மாட்டியது. நான் ஸ்டூலின் மேல் டிரில்லிங் மெஷினோடு நின்றேன். அம்மா கீழே அளவுநாடாவோடு. அப்பா சோபாவில்.

"இடது பக்கம் மூணு மில்லிமீட்டர் ஏறியிருக்கு" என்றாள் அம்மா.

"மூணு மில்லிமீட்டர் யார் கண்ணுக்குத் தெரியப்போகுதும்மா?"

"எனக்குத் தெரியுதே. நான் ஆளில்லையா?"

"அவ சொன்னபடி போட்டுட்டு இறங்கிடு" என்றார் அப்பா. "முப்பத்தஞ்சு வருஷமா நான் அப்படித்தான் பண்றேன். உசுரோட இருக்கேன்ல?"

ஓட்டையை அடைத்துவிட்டு மூன்று மில்லிமீட்டர் கீழே மறுபடி துளைத்தேன். பிளாஸ்டிக் பிளக்கை நீட்டும்போது அம்மா கேட்டாள்.

"ஏண்டி, நாப்பது விஷயத்த ஒரே மத்தியானத்துல படிச்சு முடிக்க முடியுமா?"

"எந்த விஷயத்த?"

"பொதுவாத்தான் கேக்கறேன்."

"முடியாது."

"அதானே" என்றாள். திரையைக் கோத்து முடிக்கும்வரை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, பேருந்து நிறுத்தத்தில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அம்மா குடிநீர்த் துறையில் வரைபடப் பிரிவில் இருந்தாள். இருபத்திரண்டு வயதில் சேர்ந்தாள். நகரத்தின் அடியில் ஓடும் குழாய்களை வரைவது வேலை. ஒளிபுகும் தாளில் மைப்பேனாவால் வரைவாள். தண்ணீர் நிறுத்தியிருக்கும் பகுதியை ஒருபக்கம் சாய்ந்த கோடுகளால் நிரப்புவாள். ஆள் குழிக்குள் இறங்கியிருக்கும் பகுதி என்றால் குறுக்கும் மறுக்குமாகக் கோடு. இரண்டே குறி. மழையில் நனைந்த தாளிலும், டார்ச் வெளிச்சத்திலும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். அலுவலகத்தில் அவளைக் 'கோட்டம்மா' என்றார்கள். அவளுக்கு அதில் பெருமைதான்.

பிறகு வலைத்தளம் வந்தது. அன்றைக்குத் திரையில் தெரிந்த படங்களெல்லாம் புள்ளிகள். பெரிதாக்கினால் உடையும். வெக்டர் படம் அப்படியில்லை. அது ஒரு கட்டளைப் பட்டியல்: பேனாவை இங்கே வை, அங்கேவரை இழு, இத்தனை தடிமன். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கோடாகவே இருக்கும். கம்பெனிகள் ஆளுக்கொரு முறையைக் கொண்டுவந்து சண்டை போட்டன. கடைசியில் ஒரு பொதுக்குழு உட்கார்ந்து எல்லோருக்குமான ஒரு தரத்தை எழுதத் தொடங்கியது. அந்த வரைவை யார் வேண்டுமானாலும் படித்துக் குறை சொல்லலாம். அம்மா படித்தாள். அறுநூறு பக்கத்தையும் அலுவலகத்திலேயே பிரிண்ட் எடுத்து மூன்று பாகமாக ஸ்பைரல் பைண்டிங் போட்டாள்.

"என்னம்மா இது, கதைப் புத்தகமா?" என்று அவள் மேலதிகாரி கேட்டாராம்.

"ஆமா சார். வில்லன் யாருன்னுதான் இன்னும் தெரியல."

குழுவின் மின்னஞ்சல் பட்டியலுக்கு எழுத ஆரம்பித்தாள். வளைகோட்டின் முனையைப் பற்றி, புள்ளிக்கோடு மூலையில் திரும்புவதைப் பற்றி. அவள் சொன்ன பிழைகள் உண்மையிலேயே பிழைகளாக இருந்தன. சில வருஷம் கழித்து, சம்பளமில்லாத வெளியாளாகக் கூட்டங்களில் சேர்த்துக்கொண்டார்கள். வாரம் ஒருமுறை, காலை ஆறு மணிக்கு, தொலைபேசியில். அம்மா சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே பேசுவாள். கூட்டக் குறிப்பை முறைபோட்டு எழுதவேண்டும் என்பது அங்கே விதி. யாரும் வாய் திறக்காதபோது அம்மா "நான் எழுதறேன்" என்பாள். கம்பெனிச் சம்பளத்தில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேருக்கு, சும்மா வந்தவள் குறிப்பெழுதினாள். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

துறை தன் வரைபடத்தை வலையில் போட்டபோதுதான் சாய்கோடு பிரச்சினையானது. தரத்தில் சாய்கோட்டு நிரப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. ஒரு சின்னச் சதுரத்தில் கோடு போட்டு, அதைத் தரைக்கு டைல் ஒட்டுவதுபோல் ஒட்டவேண்டும். சுருக்கிப் பார்த்தால் சதுரங்களின் விளிம்பில் கோடு விட்டுப்போகும். மொத்தமும் சாம்பல் கறையாகிவிடும். ஒப்பந்தக்காரன் அதற்குமேல் மெனக்கெடவில்லை. கோட்டைத் தூக்கிவிட்டு வண்ணம் போட்டான். மூடிய வால்வுக்குச் சிவப்பு, திறந்ததற்குப் பச்சை.

வால்வுக்காரர் ஒருவர் இருந்தார். இருபத்தாறு வருஷ வேலை. அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரியும். அது அவருக்கே தெரியாது. தாள் வரைபடத்தில் தெரிந்துகொள்ளத் தேவை வரவில்லை. கைப்பேசியைப் பார்த்து ஒருநாள் தவறான வால்வைத் திறந்தார். குழிக்குள் குழாய் பொருத்திக்கொண்டிருந்த பிட்டரைத் தண்ணீர் சுவரோடு அடித்தது. இடுப்பு எலும்பு உடைந்தது. பிட்டர் பிழைத்துக்கொண்டார். விசாரணையில், பார்வைக் குறையை மறைத்தார் என்று வால்வுக்காரரைக் குற்றம் சொல்லி, அவரை அலுவலகக் கேட்டில் காவலுக்கு உட்காரவைத்தார்கள்.

அம்மா விசாரணைக்குப் போய்ச் சொன்னாள். "அவர் கண்ணுல தப்பில்ல சார். நம்ம மேப்புலதான் தப்பு." அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. புதிதாக வந்த அதிகாரி மட்டும் ஒன்று சொன்னார்: சாய்கோடு தரத்துக்குள் வந்தால் வரைபடத்தை மாற்றலாம், வரைபடம் மாறினால் வால்வுக்காரரை அவர் வேலைக்கே திருப்பி எடுக்கலாம். துறையின் தளத்தில் தரத்தில் உள்ளதை மட்டும்தான் பயன்படுத்தவேண்டும் என்பது உத்தரவு.

அதற்காகத்தான் அம்மா ஆறு வருஷம் போராடினாள். சாய்கோட்டு நிரப்பு என்றொரு விதி: கோணம், இடைவெளி, தடிமன், டைல் கிடையாது. நான்கு பக்கம் எழுதினாள். குழு அதை வரைவில் சேர்த்தது. ஆனால் எழுதினால் மட்டும் தரம் ஆகிவிடாது. குறைந்தது இரண்டு பிரவுசர்கள், ஒன்றையொன்று பார்த்துக் காப்பியடிக்காமல், அதைச் செய்துகாட்டவேண்டும். ஒரு சின்ன பிரவுசர் செய்தது. இன்னொன்று வேண்டும்.

நான் வேலை பார்ப்பது பிரவுசர் கம்பெனியில். படம் வரையும் பகுதியில்.

"உங்க ஆளுங்ககிட்ட ஒரு வார்த்த கேளேன்" என்பாள்.

"அது வேற டீம்மா."

வேறு டீம் இல்லை. என் டீம்தான். அம்மாவுக்காக வேலை பார்க்கிறேன் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். அலுவலகத்தில் அம்மாவைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை.

அம்மா போன ஐந்தாம் நாள் அவள் மின்னஞ்சலுக்குக் குழுவின் கூட்டக் குறிப்பு வந்தது. முதலில் ஒரு நிமிட மௌனம். 'அன்பும் பொறுமையும் மிக்க உறுப்பினர்' என்று எழுதியிருந்தார்கள். அம்மாவுக்குப் பொறுமை கிடையாது. இவர்கள் காக்கவைத்தார்கள், அவள் காத்திருந்தாள். நான்காவது பொருள்: 'சாய்கோட்டு நிரப்பு. இதற்காகப் பேச இப்போது ஆளில்லை. நீக்கத் தீர்மானம். ஆட்சேபம் இல்லை.'

ஒரு நிமிடம் எழுந்து நின்றவர்கள், உட்கார்ந்ததும் அவள் வேலையை வெட்டி எறிந்திருந்தார்கள்.

குழுத் தலைவரை வீடியோவில் கூப்பிட்டேன்.

"ஆளில்லன்னு எழுதியிருக்கீங்க. செத்துட்டாங்க, இனி கேள்வி கேக்க மாட்டாங்கன்னு நேரா எழுத வேண்டியதுதானே?"

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அது வழக்கமா எழுதற வாசகம்."

"எங்க அம்மா உங்களுக்கு எத்தனை தடவ குறிப்பு எழுதிக் குடுத்தாங்க தெரியுமா?"

"அவங்கமேல எங்களுக்கு ரொம்ப மரியாதை."

"மரியாதைய நீங்களே வச்சுக்கங்க. எதுக்கு எடுத்தீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க கம்பெனிதான் செய்யற உத்தேசம் இல்லன்னு பதில் போட்டுருச்சே. ரெண்டாவது பிரவுசருக்கு வேற வழி இல்ல. நீங்க பாக்கலையா?"

"எங்க கம்பெனில யாரு போட்டது?"

அவர் அந்தப் பக்கத்தின் இணைப்பை அனுப்பினார்.

என் பெயர் இருந்தது.

திரைக்கம்பி மாட்டியதற்கு இரண்டு நாள் முன்னால் தேதி. அன்றைக்கு மேனேஜர், எங்கள் பிரவுசருக்கு வந்து ஒரு வருஷமாக அசைவில்லாமல் கிடந்த கோரிக்கைகளையெல்லாம் முடித்துவைக்கச் சொல்லியிருந்தார். நாற்பது இருந்தன. வடிகட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே சொடுக்கில் டிக் போட்டு, 'செய்யும் உத்தேசம் இல்லை' என்பதை அழுத்தினேன். ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. அம்மாவின் சாய்கோடும் அதில் இருந்திருக்கிறது. மென்பொருள் அந்தப் பதிலை, அன்று மத்தியானம் மூடிய நாற்பதின் பட்டியலோடும் என் பெயரோடும், குழுவின் பக்கத்திலும் ஒட்டியிருக்கிறது. முடிந்ததும் காபி குடிக்கப் போனேன். மேனேஜர் "சூப்பர், இடம் சுத்தமாயிடுச்சு" என்றார்.

என் பதிலுக்குக் கீழே அம்மா ஒரு வரி எழுதியிருந்தாள். மதிப்புக்குரிய என்று தொடங்கி, என் பெயரைப் போட்டு: 'பதிலுக்கு நன்றி. காரணம் தெரிந்தால் திருத்தி எழுத உதவியாக இருக்கும்.'

யாரோ ஒரு கம்பெனிக்காரிக்கு எழுதுவதுபோல எழுதியிருந்தாள். பொதுவெளியில் மகளைக் காட்டிக்கொடுக்கவில்லை. வீட்டில் கேட்டதும் ஒரே ஒரு கேள்விதான், அதையும் பொதுவாகத்தான் கேட்டாள். எனக்கு அவள்மேல் வந்த கோபம் இன்னும் தணியவில்லை. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றதற்குப் பதில் ஒரு அறை விட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம். அன்று மாலையே மாற்றியிருப்பேன். மாற்றியிருப்பேனா? அதுவும் இனித் தெரியப்போவதில்லை.

"இப்ப நான் என்ன செய்யணும்?" என்று தலைவரைக் கேட்டேன்.

"உங்க பதிலை வாபஸ் வாங்குங்க. அடுத்த மாசக் கூட்டம் வரைக்கும் நீக்கத்த நிறுத்தி வைக்கறேன். ஆனா ஒண்ணு. வண்ணம் தெரியாதவங்களுக்கு இது நிஜமாவே உதவுதுங்கிறதுக்கு ஆதாரம் வேணும். ஒரு சோதனை நடத்தறேன்னு அம்மா சொல்லியிருந்தாங்க. அது வந்து சேரல."

மேனேஜரிடம் போனேன்.

"மூடினத ஒண்ணத் திறந்தா மத்த முப்பத்தொம்பதையும் கேப்பாங்க" என்றார்.

"கேக்கட்டும். கேக்கறதுக்குத்தானே எழுதினாங்க."

"இதுல உங்களுக்கு என்ன இவ்ளோ அக்கறை?"

"எழுதினது எங்க அம்மா."

பதிலை வாபஸ் வாங்கினேன். மீதி முப்பத்தொன்பதையும் திறந்தேன். ஒவ்வொன்றாகப் படிக்க ஆறு வேலைநாள் ஆனது. சாய்கோட்டுக்கான நிரலை எழுத இன்னும் ஒன்பது நாள். அதில் கஷ்டமே இல்லை. அதுதான் என்னை எரிக்கிறது. ஆறு வருஷம் ஒரு பொம்பளை கெஞ்சிக்கொண்டிருந்த வேலை, ஒன்பதே நாள்.

ஞாயிற்றுக்கிழமை வால்வுக்காரர் வீட்டுக்கு வந்தார். துறைச் சட்டை, அதில் காவலாளி என்று பட்டை. அப்பா நாற்காலி போட்டும் உட்காராமல் நின்றார்.

"சார், பாப்பா, அக்கா போனதுக்கே வந்திருக்கணும். கேட்டை விட்டு வர விடல."

"உக்காருங்க தம்பி" என்றார் அப்பா.

"அக்கா பன்னெண்டு தாள் வரைஞ்சிருந்தாங்க. வாராவாரம் வந்து காட்டுவாங்க. எது மூடியிருக்கு, எது திறந்திருக்கு, எதுல ஆள் இருக்குன்னு கேப்பாங்க. நான் சொல்றத எழுதிக்குவாங்க. சரியா தப்பான்னு மட்டும் சொல்லவே மாட்டாங்க. பரீட்சைல கூட வாத்தியார் மூஞ்சியப் பாத்தா கொஞ்சம் தெரியும். அக்கா மூஞ்சி கல்லு."

அப்பா சிரித்துவிட்டார். மூன்று வாரத்தில் முதல் தடவை. பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"ஒம்போது முடிச்சாச்சு" என்றார் வால்வுக்காரர். "எனக்குச் சர்வீஸ் இன்னும் ரெண்டு வருஷம் பாப்பா. கேட்டுல உக்காந்து ரிட்டயர் ஆக மனசில்ல. அன்னிக்கு வியாழக்கிழமை, மீதி மூணையும் முடிச்சிடலாம்னு வரச் சொல்லியிருந்தேன். பஸ்ஸ பாத்துக்கிட்டே இருந்தேன்."

மருத்துவமனையில் கொடுத்த பையை அதுவரை நான் திறக்கவில்லை. அவர் போனபிறகு திறந்தேன். குடை, மூக்குக்கண்ணாடி, ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் முடிந்த ஒன்பது தாளின் முடிவுகளும், அடியில் இன்னும் காட்டாத மூன்று வரைபடங்களும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் எங்கே வைத்துக் காட்டவேண்டும் என்று குறித்திருந்தாள்: வெயிலில் நின்று, நடந்துகொண்டே, குழிக்குள் இறங்கி.

பன்னிரண்டாம் தாளின் பின்பக்கம் தனக்காக எழுதிவைத்தது: 'எந்த வால்வு மூடியிருக்கிறது என்று மட்டும் கேள். பதில் வரும்வரை வாயைத் திறக்காதே.' அதன் கீழே ஸ்கேல் வைத்துப் போட்ட ஒரு கட்டம். பதில் இன்னும் எழுதப்படவில்லை.