வீங்கிய கையும் வெல்டிங் வேலையும்

இரும்பு கேட் செய்கிற அந்தப் பட்டறையில் அவளுக்குத் 'தீக்குச்சி' என்று பெயர். ஆள் ஒல்லி, கோபம் உடனே பற்றிக்கொள்ளும். அத்தனை ஆண்களுக்கு நடுவே வெல்டிங் செய்கிற ஒரே பெண் வேறு எப்படி இருப்பாள்?

பட்டறையில் ஒரு வழக்கம். துருப்பிடித்த தகடு லேசாகக் கீறினாலும் போன ஊசியின் மருந்து செத்துவிட்டது என்று அர்த்தம், உடனே போய் டிடி ஊசி போட்டாக வேண்டும். யார் கண்டுபிடித்த வைத்தியமோ, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள். அவளும்தான். தகடு கீறியதும் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். "கடைசியா எப்பம்மா போட்டீங்க?" என்று நர்ஸ் கேட்டாள். உண்மையைச் சொன்னால் ஊசி கிடைக்காது என்று பயந்து, "அது ஆச்சு, பல வருஷம்" என்று வாய் கூசாமல் அளந்துவிட்டாள். போட்டு சில மாதம்தான் ஆகியிருந்தது.

மறுநாள் ஊசி போட்ட இடது கை தோளிலிருந்து முழங்கை வரை பன் மாதிரி வீங்கிச் சிவந்து கொதித்தது. காய்ச்சல் வேறு. டாக்டரிடம் பொய்யை ஒத்துக்கொண்டாள்.

"போன ஊசியோட சக்தியே உடம்புல நெறைய இருக்கு. அதுக்கு மேல போட்டா இப்படித்தான் வீங்கும். சில நாள்ல வடிஞ்சிடும். கீறல் பட்டா வாங்க, ஆனா எப்ப போட்டீங்கன்னு மறைக்காதீங்க" என்றார்.

கை வடிந்து பட்டறைக்குத் திரும்பினால், அவள் இடத்தில் புது ஆள் நிற்கிறான்.

"இனிமே நீ பெயிண்ட் அடிம்மா" என்றார் முதலாளி. "பொம்பள உடம்புக்கு இரும்பு வேலை ஒத்துக்காது. உன் வீட்டுக்காரரும் அதான் சொன்னாரு."

அவளைக் கேட்காமல் வீடு வரை பேசி முடித்திருக்கிறார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஒத்துக்காதது ஊசி. அதுவும் நான் சொன்ன பொய்யால. இரும்பு என்ன பண்ணுச்சு?"

"எதுக்கு வம்பு? சொன்னா கேளு."

"கேக்க மாட்டேன். போன வருஷம் பாலீஷ் அண்ணனுக்கும் ஊசி போட்டு இதே மாதிரி கை வீங்குச்சே. அவரை எந்த வேலைக்கு மாத்துனீங்க?"

மூலையில் பாலீஷ் போடுகிறவர் மெஷினை நிறுத்தினார். "என்னை ஏம்மா இழுக்கற?"

"உங்கள யாரும் மாத்தலையே அண்ணே. அதுக்குத்தான்."

 அவள் புது ஆளின் முன்னால் போய்க் கையை நீட்டினாள். அவன் முதலாளியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், வெல்டிங் ராடு மாட்டிய பிடியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினான்.