பெற்றோரை பெஞ்சில் உட்கார வைத்த சனிக்கிழமை

போன வருஷம் புரட்டாசி மாதம், ஒரு சனிக்கிழமை. திருச்சி மன்னார்புரம் பக்கத்தில் நான் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் பள்ளியில் நடந்தது இது. என் வீடு ஸ்ரீரங்கத்தில். புரட்டாசி சனிக்கிழமை காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வெளியே போவது எவ்வளவு பெரிய பாடு என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஊரே பெருமாளைச் சேவிக்க உள்ளே வந்துகொண்டிருக்க, நான் மட்டும் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே போனேன். பாதிக் கோபம் அங்கேயே வந்துவிட்டது.

மீதிக் கோபத்துக்குக் காரணம் எங்கள் வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்.

எங்கள் பள்ளியில் ஆங்கிலம் என்றால் ஆசிரியை பாடத்தை ஒரு தடவை வாசிப்பார், பிறகு கேள்வி பதிலைப் போர்டில் எழுதிப் போடுவார். பிள்ளைகள் பார்த்து எழுதி, மனப்பாடம் செய்து, பரீட்சையில் அப்படியே கொட்டிவிட்டு வருவார்கள். இந்த வழக்கத்தைப் போன வருஷம் என் வகுப்பில் நிறுத்தினேன். கதையை நீயே படி, உனக்கு என்ன தோன்றுகிறதோ அதை நாலு வரி எழுது என்றேன். முதலில் திருதிருவென்று முழித்தார்கள். அப்புறம் எழுத ஆரம்பித்தார்கள். தப்பும் தவறுமாகத்தான், ஆனால் அவரவர் சொந்தமாக எழுதினார்கள். திருத்த உட்கார்ந்தால் ஒரு தாள் மாதிரி இன்னொரு தாள் இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

காலாண்டுத் தேர்வுத் தாள்கள் வீட்டுக்குப் போனதும் அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு முடிந்தது. காட்டூரிலிருந்து ஒரு மாணவியின் அம்மா குரூப்பில் கேட்டார்: "மிஸ், என் பொண்ணும் பக்கத்து வீட்டுப் பொண்ணும் ஒரே கேள்விக்கு வேற வேற பதில் எழுதியிருக்காங்க. ரெண்டு பேருக்கும் முழு மார்க் போட்டிருக்கீங்க. இதுல எது கரெக்ட்?"

இரண்டுமே சரிதான் என்று பதில் போட்டேன். குளவிக்கூட்டைக் கலைத்த கதையாகிவிட்டது. அதெப்படி ரெண்டும் சரியாக இருக்கும் என்று ஆளாளுக்குக் கிளம்பினார்கள். ஒரு அப்பா தலைமை ஆசிரியைக்கே போன் போட்டுவிட்டார்.

தலைமை ஆசிரியை என்னை அழைத்து, "சனிக்கிழமை பேரண்ட்ஸை வரச் சொல்லியிருக்கேன். உங்க கிளாஸ் எப்படின்னு நீங்களே அவங்களுக்குக் காட்டுங்க. அவங்களுக்குப் பிடிக்கலைன்னா திங்கட்கிழமையிலேருந்து பழையபடி போர்டுல எழுதிப் போட்டுருங்க" என்றார். என் வகுப்பு நிலைப்பதும் போவதும் அந்த ஒரு காலைப்பொழுதில் இருந்தது.

மைக்கைப் பிடித்துப் பேசினால் வேலைக்காகாது என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளின் பெஞ்சிலேயே உட்கார வைத்து ஒரு வகுப்பு எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். எளிய ஆங்கிலத்தில் நானே ஒரு பக்கக் கதை எழுதினேன். அக்கா வரைந்த படத்தைத் தங்கை தன் பெயர் போட்டுப் போட்டிக்குக் கொடுத்துவிடுகிறாள். பரிசு கிடைக்கிறது. தங்கை மேடையில் பரிசு வாங்கும்போது அக்கா கூட்டத்தோடு உட்கார்ந்து கை தட்டுகிறாள். அக்கா ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்பதுதான் கேள்வி.

வந்தார்கள். வரும்போதே எவ்வளவு நேரமாகும் என்றுதான் கேட்டார்கள். ஆபீஸில் நாள் முழுக்க ஆங்கிலத்திலேயே பேசும் ஒரு அப்பா, எங்கள் ஸ்ரீரங்கத்துக்காரர்தான், நெற்றியில் பளிச்சென்று திருமண் இட்டுக்கொண்டு வந்து முதல் பெஞ்சைப் பிடித்தார். "சீக்கிரம் விட்டுடுங்கோ மிஸ், போய்ப் பெருமாள் சேவிக்கணும்" என்றார். தலைமை ஆசிரியைக்குப் போன் போட்டவரும் இவரேதான். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஷிப்ட் முடித்து நேராக வந்த இன்னொரு அப்பாவுக்கு முழங்கால் டெஸ்க்குக்குள் நுழையவே இல்லை. காட்டூர் அம்மா நடு பெஞ்சில் உட்கார்ந்தார்.

தாளைக் கொடுத்த மறுநிமிஷம் அவர்தான் கேட்டார்: "ஆன்சர் போர்டுல போட்டுருவீங்கல்ல மிஸ்?"

பல்லைக் கடித்துக்கொண்டு, "நீங்களே யோசிச்சு எழுதுங்க" என்றேன்.

எத்தனை வரி எழுத வேண்டும்? பென்சிலில் எழுதலாமா? மார்ஜின் விடணுமா? கேள்விக்கு மேல் கேள்வி. ஒருவர் டெஸ்க்குக்கு அடியில் போனை வைத்துக் கதையை இணையத்தில் தேடினார். நான் எழுதிய கதை அங்கே எப்படிக் கிடைக்கும்? முதல் பெஞ்சு அப்பா மளமளவென்று எழுதிவிட்டுத் தாளைப் பெருமையாகக் கொஞ்சம் பின்பக்கம் திருப்பி வைத்தார். நான் சன்னல் பக்கம் போய்த் திரும்புவதற்குள் அந்த வரி கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தேன். அக்காவுக்குத் தங்கை மேல் அளவு கடந்த பாசம். அடுத்த தாளிலும் அதே வரி. அதற்கடுத்ததிலும் அதே. எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. பெற்றோர், பெரியவர்கள் எல்லாம் மறந்து போயிற்று.

"காப்பியா அடிக்கிறீங்க? எல்லாரும் எழுந்திரிங்க!" என்று கத்திவிட்டேன்.

எழுந்து நின்றார்கள். அதுதான் என்னால் இன்றைக்கும் நம்ப முடியாதது. ஒருவர்கூட எதிர்த்துக் கேட்கவில்லை. பெஞ்சுகள் கிறீச்சிட, திருமண் அப்பா உட்பட அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். வாசலில் தலைமை ஆசிரியை வேறு வந்து நின்றிருந்தார். என் வகுப்பு மட்டுமல்ல, வேலையும் போயிற்று என்றே நினைத்தேன். 

அப்போது காட்டூர் அம்மா மெதுவாகச் சொன்னார்: "மிஸ், நான் முதல்ல வேற எழுதியிருந்தேன். அப்புறம் முன் பெஞ்சுல பாத்துட்டு அந்த வரியை அடிச்சிட்டேன்."

"என்ன எழுதியிருந்தீங்க?"

"இங்கிலீஷ்லயே சொல்லணுமா?"

என் வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறு பேசக்கூடாது என்பது சட்டம். "தமிழ்லயே சொல்லுங்க" என்றேன்.

"சொன்னாலும் வீட்ல யாரும் நம்ப மாட்டாங்கன்னு அந்த அக்காவுக்குத் தெரியும் மிஸ். எப்பவும் சின்னவ சொல்றதைத்தான் நம்புவாங்க. அதான் பேசாம கை தட்டிட்டு இருந்துட்டா."

அவர் கதையைப் பற்றி மட்டும் பேசவில்லை என்று எல்லோருக்கும் புரிந்தது. ஏன் அதை அடித்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் எழுதினா தப்பாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் எது கரெக்ட் என்று அவர் என் உயிரை வாங்கியது இதனால்தானா என்று நினைத்தேன்.

பொன்மலை அப்பா வாயைத் திறந்தார். "இல்லீங்க. நாலு பேர் முன்னாடி தங்கச்சிய அசிங்கப்படுத்தக் கூடாதுன்னு இருந்திருப்பா. வீட்டுக்குப் போனதும் நல்லா நாலு சாத்து சாத்தியிருப்பா." எல்லோரும் சிரித்தார்கள். முதல் பெஞ்சு அப்பா விடவில்லை. "அதெப்படி? தப்பைப் பாத்துண்டு சும்மா இருந்தா, இவளும் சேர்ந்து பண்ணின மாதிரிதானே?" என்றார். நீங்கள் எழுதியது அதுவல்லவே என்று பின்னாலிருந்து ஒரு குரல். அப்புறம் பிடித்துக்கொண்டது சண்டை. யாரும் உட்காரவில்லை. யாருக்கும் கோயில் நினைவு இல்லை. எல்லாம் தமிழில்தான், ஆனால் என் ஆங்கில வகுப்பு என்னவென்று நான் காட்ட நினைத்தது அதைத்தான்.

தலைமை ஆசிரியை உள்ளே வந்து, "சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேக்குது" என்றார். பிறகு என்னிடம், "சரி, அரையாண்டு வரைக்கும் இப்படியே போகட்டும். பாப்போம்" என்றார்.

நிம்மதியாகப் படியிறங்கினால் முதல் பெஞ்சு அப்பா பின்னாலேயே வருகிறார். "கிளாஸ் ரொம்ப நன்னா இருந்தது மிஸ். அதுல எது கரெக்ட் ஆன்சர்னு மட்டும் குரூப்ல போட்டுடுங்கோ." சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சொன்னதோடு விடாமல் சாயங்காலம் குரூப்பிலும் கேட்டுவிட்டார். கடுப்போடு நான் போனை எடுப்பதற்குள் காட்டூர் அம்மாவின் பதில் வந்து விழுந்தது: "உங்களுக்கு என்ன தோணுது சார்?"

குரூப்பில் இன்றும் யாராவது எது கரெக்ட் என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், எனக்கும் எரிச்சல் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் திருத்தும் தாளில் ஒரு வரி அடித்துக் கிடந்தால், எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டு அதில் என்ன இருந்தது என்று கேட்காமல் இப்போதெல்லாம் நான் அடுத்த தாளை எடுப்பதில்லை.