கீறல் விழுந்த பலகை

ஒரு வருடத்துக்கு மேலாக என் இடுப்பில் மஞ்சள் பெல்ட்தான். யாராவது கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவேன். பாவம் என்று பார்ப்பவர்கள் பார்க்கட்டும், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். எனக்கு வயது நாற்பத்து நான்கு. தம்போயில் எங்கள் தாமான் குடியிருப்பின் பொதுமண்டபத்தில் சனிக்கிழமை காலை நடக்கும் தேக்குவாண்டோ வகுப்பில், பின்வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் நிற்பவர்களில் பாதிப் பேருக்குப் பால் பல்லே இன்னும் விழுந்து முடியவில்லை. அங்கே வயதைப் பார்த்து நிறுத்துவதில்லை, பெல்ட்டின் நிறத்தைப் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். மஞ்சளுக்கு மேலே பச்சை, அதற்கும் மேலே நீலம். ஏழு வயது நீல பெல்ட்டுக்கு நான் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். சொல்கிறேன். அந்தச் சட்டம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது, அதனால்தான் சண்டையும் வந்தது.

முதலில் நான் அங்கே போனது உதைப்பதற்கு அல்ல, உட்காருவதற்கு. மகளைக் கொண்டுவிட்டு, மண்டபத்தின் பின்பக்கம் போட்டிருக்கும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளில் மற்ற அம்மாக்களோடு இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன். எந்தப் பிள்ளை எதற்கு வருகிறது என்பது அந்த நாற்காலிகளுக்கு நன்றாகத் தெரியும். ஒருவன் கைத்தொலைபேசியை விட்டுத் தள்ளியிருக்கட்டும் என்று அனுப்பப்பட்டவன். இன்னொருத்தி, பெரியம்மா மகள் கறுப்பு பெல்ட் வாங்கிவிட்டாள் என்பதற்காக வந்தவள். ஸ்கூடாயிலிருந்து மோட்டாரில் வரும் பல்கலைக்கழக மாணவன் ஒருவன் நான்கு வாரத்தில் ஒரு வாரம்தான் தலைகாட்டுவான். வந்தால் முதல் வேலையாகச் சீருடையோடு படம் எடுத்துக்கொள்வான். என் மகளுக்கு விளையாட்டு, சங்கம் என்று பள்ளியில் கணக்கெடுக்கும் புறப்பாட மதிப்பெண் வேண்டும், அவ்வளவுதான். பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடிவதற்குள் சான்றிதழ் கைக்கு வர வேண்டும் என்று கணக்காக இருந்தாள்.

நான் உட்கார்ந்த இடத்திலேயே முதல் பாடத்தின் அடி, தடுப்பு, திரும்புதல் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். வீட்டில் துணி காயப்போடும் இடத்தில் செய்தும் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை எழுந்துபோய், நானும் சேரலாமா என்று கேட்டேன். மாஸ்டர் என்னைவிட நான்கைந்து வயது இளையவர். வாரநாட்களில் சிங்கப்பூரில் லிப்டு பழுதுபார்க்கிறார்.

"அக்கா, முட்டி தாங்குமா?" என்றார்.

"தாங்கலன்னா சொல்றேன் மாஸ்டர்."

பிள்ளைகளிடம் யாரும் காரணம் கேட்கவில்லை. என்னிடம் மட்டும் எல்லாரும் கேட்டார்கள். உடம்பு குறைக்கவா? வீட்டில் ஏதும் பிரச்சினையா? வழிப்பறிக்குப் பயந்தா? எனக்கு உதைக்கப் பிடித்திருந்தது. காலைத் தூக்கி, இடுப்பைத் திருப்பி, மெத்தென்ற திண்டில் குதிகால் போய் அடிக்கும்போது வருகிற அந்தச் சத்தம் பிடித்திருந்தது. இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் முதுகுவலிக்கு என்று சொல்லிவைத்தேன்.

என் வேலையையும் இங்கே சொல்ல வேண்டும். தம்போயிலேயே ஒரு சின்னத் தொழிற்சாலையில் மருந்துப் புட்டிகளுக்கான பிளாஸ்டிக் மூடிகளைச் சரிபார்க்கிறேன். விளக்குக்குக் கீழே பிடித்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். முடி மாதிரி ஒரு கீறல் இருந்தாலும் தூக்கிச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிடுவேன். மேலதிகாரி, "இது பரவாயில்ல லா" என்பார். பரவாயில்லை என்று விட்ட மூடியில்தான் மருந்து ஒழுகும் என்பேன். பதினாறு வருடமாக இதே வாக்குவாதம். அங்கே என்னை ரிஜெக்ட் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதில் எனக்கு ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

பச்சை பெல்ட் தேர்வு வந்தது. எங்கள் வகுப்பில் பச்சைக்குப் பலகை உடைக்க வேண்டும். இரண்டு மூத்த பெல்ட்டுகள் இரு பக்கமும் பலகையைப் பிடித்துக்கொள்வார்கள், நாம் பக்கவாட்டில் உதைக்க வேண்டும். மூன்று வாய்ப்பு. என் பலகையைப் பிடிக்க நீல பெல்ட்டான என் மகளும் அந்த ஸ்கூடாய் மாணவனும் வந்து நின்றார்கள். முதல் உதையில் பலகை அசையவில்லை. இரண்டாவதில் என் குதிகால்தான் அசைந்தது. வலி முட்டி வரைக்கும் ஏறியது. நாற்காலிகளில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

மாஸ்டர் சிரித்துக்கொண்டே வந்து, "இந்தப் பலக கொஞ்சம் ஈரம்" என்று சொல்லி, தன் பையிலிருந்து வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது உதை. கால் பட்டதும் பட்டென்று இரண்டாகப் போனது. மண்டபம் முழுக்கக் கைதட்டல். மாஸ்டர் என் மஞ்சளை அவிழ்த்துவிட்டு, பச்சையை அவர் கையாலேயே கட்டிவிட்டார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அதை மறைக்க மாட்டேன்.

ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று உடைந்த துண்டுகளைக் குனிந்து எடுத்தேன். அங்கேதான் கெட்டது. கைக்கு வந்த எதையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. சன்னல் பக்கம் திருப்பினேன். உடைந்த விளிம்பின் மேல்பாதி சிலும்பு சிலும்பாக இருந்தது. கீழ்ப்பாதி வழவழவென்று நேராக இருந்தது. ரம்பம் போன தடம். பின்பக்கத்தில் முன்னாலேயே பாதி அறுத்து வைத்திருந்த பலகை அது.

மாஸ்டர் கெட்ட மனிதர் அல்ல. யாரும் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது என்பது அவர் எண்ணம். ஆனால் அந்த இரக்கத்தை அவர் காட்டியது தப்பான ஆளிடம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பச்சை பெல்ட்டை அவிழ்த்தேன். முறைப்படி மடித்து, இரண்டு கையாலும் நீட்டினேன்.

"இது எனக்கு வேணாம் மாஸ்டர். நான் ஒடைக்கல. ரம்பம்தான் ஒடைச்சிச்சு."

அவர் முகம் இறுகியது. குரலைத் தாழ்த்தி, "அக்கா, புள்ளைங்க பாக்கறாங்க" என்றார்.

"அதனாலதான் மாஸ்டர் தர்றேன்."

அதற்குப் பிறகு வெடித்தது அவர் அல்ல, நாற்காலிகள். நான் இரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலிச் சம்பல் ரொட்டியைப் பங்குபோட்டுத் தின்ற ஒரு அம்மா எழுந்து நின்றுகொண்டார்.

"அப்ப எங்க புள்ளைங்க பெல்ட்டெல்லாம் பொய்யா? நீங்க வயசான காலத்துல வெளாட வந்துட்டு, ஏன் இப்படிக் கலாட்டா பண்றீங்க?"

"உங்க புள்ளைங்களப் பத்தி நான் ஒன்னும் சொல்லலக்கா. என் பெல்ட்டப் பத்திதான் பேசறேன்."

மஞ்சளைத் தரையிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டு என் இடத்தில் போய் நின்றேன். முடிச்சு கோணலாக விழுந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

காரில் மகள் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் வாயைத் திறந்தாள்.

"சும்மா வாங்கிட்டு வந்திருக்கலாம்லம்மா. என்னோடதும் அந்த மாதிரிப் பலகதான்."

"ஒனக்குத் தெரியுமா?"

"புடிச்சவங்க எல்லாருக்கும் தெரியும்மா. எனக்கு மார்க்குதான வேணும்."

பச்சை விளக்கு விழுந்தும் நான் நகரவில்லை. பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்தார். அவளைத் திட்ட வேண்டும் என்றுதான் வாயெடுத்தேன், ஆனால் அவள் என்னை ஏமாற்றவில்லையே. முதல் நாளிலிருந்து மதிப்பெண்ணுக்கு என்றுதான் சொன்னாள், மதிப்பெண் வாங்கினாள். அந்த வாரமே சான்றிதழ் வந்தது. சீருடையைத் துவைத்து மடித்து அலமாரியில் வைத்தாள், அதற்குப் பிறகு தொடவில்லை.

மகள் நின்றுவிட்டாள் என்றால் அம்மாவும் நின்றுவிடுவாள் என்று எல்லாரும் நினைத்திருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை நான் போய் நின்றதும் மாஸ்டர் ஒரு நிமிடம் எண்ணுவதை மறந்துவிட்டார். எதற்கு மறைக்க, அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு மூன்று மாதம் அவர் என்னைத் திருத்தவே இல்லை. மற்றவர்களுக்குக் காலைப் பிடித்துத் திருப்பிக் காட்டுவார், என்னைத் தாண்டிப் போய்விடுவார். அந்த அம்மா பேச்சை விட்டுவிட்டார். எனக்குப் பின்னால் சேர்ந்த பொடிசுகள் அதே தேர்வில் வாங்கிய பச்சையைக் கட்டிக்கொண்டு முன்னால் போனார்கள். அவர்களுக்கும் குனிந்து வணக்கம் சொன்னேன். வீட்டுச் சுவரில் பழைய மெத்தையைச் சாய்த்து, வேலை முடிந்து வந்து நாளுக்கு நூறு உதை. எத்தனை பேர் வேண்டுமானாலும் முன்னால் போகட்டுமே!

அடுத்த தேர்வு வந்தது. மகள் அதற்குள் லைசென்ஸ் எடுத்திருந்தாள். அவள்தான் காரை ஓட்டி வந்து, நான் முன்பு உட்கார்ந்த அதே சிவப்பு நாற்காலியில் கைத்தொலைபேசியோடு உட்கார்ந்தாள். அந்த அம்மா அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி இருந்தார். என் முறை வந்ததும் மாஸ்டர் ஒரு புதுப் பலகையை எடுத்தார். யாரிடமும் கொடுக்காமல் நேராக என்னிடம் நீட்டினார்.

"பாத்துக்குங்க" என்றார். மூன்று மாதத்தில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

அத்தனை பேர் முன்னால் சன்னலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம், பின்பக்கம், நான்கு விளிம்பும். ஒரு கீறல் இல்லை. "சரியா இருக்கு மாஸ்டர்" என்று திருப்பிக் கொடுத்தேன். ஒரு பக்கம் அவரே பிடித்தார். மறுபக்கம் அந்த ஸ்கூடாய் மாணவன். அவனைப் படத்துக்கு வருகிறவன் என்று எத்தனை முறை மனதுக்குள் ஏளனம் செய்திருப்பேன். அவன் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, "நான் நவுத்த மாட்டேன் ஆண்ட்டி. நீங்க நல்லா ஒதைங்க" என்றான்.

உதைத்தேன். மூன்று முறையும் என்னிடம் இருந்ததை எல்லாம் போட்டு உதைத்தேன். மூன்றாவதில் பலகை முனகியது, வளைந்த மாதிரிகூட இருந்தது. உடையவில்லை. பாதத்தின் ஓரம் வீங்கத் தொடங்கியிருந்தது. மகள் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றதைப் பார்த்தேன்.

மாஸ்டர் பலகையைக் கீழே வைத்தார். பையைத் திறக்கவில்லை. சிரிக்கவும் இல்லை.

"ஃபெயில்" என்றார், மண்டபத்துக்கே கேட்கும்படி. "இடுப்பு பாதிதான் திரும்புது. ஊனுற காலு வளைஞ்சி போவுது. அடுத்த வாரம் அர மணி நேரம் முன்னாடியே வாங்க, காட்டித் தர்றேன்."

நான் சேர்ந்த இந்தப் பதினேழு மாதத்தில் அவர் எனக்குச் சொன்ன முதல் உண்மையான பாடம் அது என்று தோன்றியது. காலைச் சேர்த்து நின்று, இதுவரை யாருக்கும் குனியாத அளவுக்குக் குனிந்தேன். நிமிர்ந்தபோது அவரும் குனிந்திருந்தார்.

நாற்காலிகளில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மாதான். முகமெல்லாம் இரக்கம்.

"கை தட்டாதீங்கக்கா" என்றேன். "நான் ஃபெயிலு."

சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நொண்டிக்கொண்டே போய் என் வரிசையில் நின்றேன்.