சித்தப்பாவின் அஞ்சலி பேனர்

முட்டாள்தனம் என்னுடையதுதான். சித்தப்பாவின் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு நான் அனுப்பியது, என் போனில் அவர் இருந்த ஒரே படம், ஒரு செல்ஃபி. மந்தைவெளித் தெருமுனையில் கட்டிய பேனர் முழுக்க நான் பல்லைக் காட்டுகிறேன். செத்துப்போனவர் என் காதுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்க்கிறார். போகிறவர்கள் எனக்குக் கும்பிடு போடுகிறார்கள்.

பேனருக்குக் கீழே யாரோ அடிபம்பை அடித்தார்கள். அந்தக் கிரீச் சத்தம் கேட்டதும் எட்டு வயதுக்குப் போய்விட்டேன். தண்ணீர்ப் பஞ்சத்தில் இதே பம்பில், துரு வாசனைக்கு நடுவே, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சித்தப்பா தெருவுக்கே அடித்துக் கொடுப்பார்.

"உன் கொடத்த வை, அக்கா. நம்ம வூட்டுக்குக் கடைசில." சித்தி திட்டிக்கொண்டே காலிக் குடத்தோடு நிற்பாள்.

அந்த மனுஷனுக்கா இந்த மூலை? கொதித்துப்போய் பேனர் கடைக்காரரிடம் கத்தினேன். "செத்தவரைப் பெருசா போடணும்னு தெரியாதா?"

அவர் தலை நிமிரவில்லை.

"அவரு மட்டும் கீற போட்டோ ஒண்ணு குடு சார்."