சோபாவுக்கு எடுத்த கறைக் காப்பீடு

கடைக்குள் நுழைந்ததிலிருந்து ஜோதியம்மாளின் கண் ஒரே சோபாவின் மேல்தான் இருந்தது. மரக் கலரில் ரெக்சின் போட்டது. ஈரத்துணியால் ஓர் இழுப்பு இழுத்தால் எந்த அழுக்கும் போய்விடும். ஆனால் அவள் புருஷன் கிருஷ்ணப்பன் ஊன்றுகோலைத் தட்டித் தட்டி எதிர்மூலைக்குப் போய் நின்றுவிட்டார். அங்கே சந்தன நிறத்தில் துணி போட்ட சோபா ஒன்று இருந்தது. நல்லாயிருந்த இடது கையால் அதைத் தடவிப் பார்த்தார்.

"இது," என்றார்.

பக்கவாதம் வந்து வலது கைகால் விழுந்த பிறகு, இது வேண்டும் என்று அவர் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜோதியம்மாள் ரெக்சின் சோபாவை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

சிங்காரப்பேட்டைப் பக்கம் கூலி வேலை செய்துகொண்டிருந்த குடும்பம். கல்யாணமான புதிதில் ஓசூருக்கு வந்து, கிருஷ்ணப்பன் ஒரு போர்ஜிங் கம்பெனியில் சேர்ந்தார். செக்கச்செவேலென்று வரும் இரும்பை இடுக்கியால் பிடித்துத் திருப்பும் வேலை. வேலை முழுக்க நின்றபடிதான். தலைமுடி நரைக்கும்வரை நின்றார். ஒருநாள் ஷிப்டு முடிந்து வேனில் ஏறப்போனவர் படியிலேயே சரிந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தாழ்வான கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. கை வைத்துக்கொள்ள வாட்டமாக, கொஞ்சம் உயரமான இருக்கை வாங்குங்கள் என்று உடற்பயிற்சி சொல்லித்தர வந்தவர் சொன்னார். அதற்குத்தான் சோபா.

ஆனால் ஜோதியம்மாளின் பயம் வேறு. மூத்திரம் வந்தால் கிருஷ்ணப்பனால் அடக்க முடிவதில்லை. எழுந்து பாத்ரூம் போவதற்குள் பாதி நாள் லுங்கியிலேயே போய்விடும். அவள் லுங்கியை மாற்றிவிடுவாள், கட்டில் மேல் போட்ட ரப்பர் ஷீட்டை அலசிக் காயவைப்பாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

சேல்ஸ்மேன் ஹரீஷ்குமார் சின்ன வயசுப் பையன், மரியாதையாகப் பேசினான். அவள் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "கறைக்குப் பயப்படறீங்களாம்மா? அதுக்கு இன்சூரன்ஸ் பிளான் இருக்குது. டீ, காபி, கொழம்பு, எண்ணெ, எது கொட்னாலும் போன் பண்ணுங்க. ஆளே வீட்டுக்கு வந்து கிளீன் பண்ணிக் குடுத்துருவாங்க," என்றான்.

"எல்லாக் கறையுமாப்பா?"

"எல்லாக் கறையும்மா."

மூத்திரமும் அதில் சேருமா என்று கேட்கவேண்டியிருந்தது. கிருஷ்ணப்பன் பக்கத்திலேயே நிற்கும்போது அதை எப்படிக் கேட்பது? எல்லாம் என்றால் எல்லாம்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு அந்தப் பிளானையும் சேர்த்து வாங்கினாள்.

சோபா வந்தது. கிருஷ்ணப்பன் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. காலையில் முகம் கழுவி, சட்டை போட்டுக்கொண்டு வந்து அதில் உட்காருவார். அவள் கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கிவிட்டு மத்தியானம் திரும்பும்போது வாசலைப் பார்த்தபடி இருப்பார். சோபாமேல் ரப்பர் ஷீட் போட ஒருமுறை எடுத்துப் போனாள். அவர் பார்த்த பார்வையில் அப்படியே திருப்பி எடுத்து வந்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடன் வேலை பார்த்த முனிராஜும் மாடசாமியும் வந்தார்கள். இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு பழைய சூப்பர்வைசரைப் பற்றிப் பேசிப் பேசிச் சிரித்தார்கள். கிருஷ்ணப்பனும் கோணிய வாயால் சத்தம் போட்டுச் சிரித்தார். ஜோதியம்மாள் அடுப்படியிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டே டீ ஆற்றினாள்.

கிளம்பும்போது முனிராஜ் எழுந்து கையை நீட்டினார். "எந்திரிண்ணா. வாசல் வரைக்கும் நடந்து வா, கையப் புடிச்சுக்கறன்."

கிருஷ்ணப்பன் எழவில்லை. நீட்டிய கையைப் பிடிக்கவும் இல்லை. ஜோதியம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள், புரிந்துவிட்டது.

"அவரு உக்காந்துருக்கட்டும் தம்பி. கால் வலின்னு காத்தால இருந்து சொல்லிக்கிட்டிருந்தாரு. நீங்க கெளம்புங்க," என்று அவர்களை வாசல்வரை தள்ளாத குறையாகக் கூட்டிப்போய் அனுப்பினாள்.

திரும்பி வந்து நனைந்த இடத்தைச் சோப்பு போட்டுத் தேய்த்தாள், எலுமிச்சம்பழம் பிழிந்தாள், மின்விசிறியை வைத்துக் காயவிட்டாள். காயக் காயக் கறை வட்டம் விரிந்தது. வாடையும் போகவில்லை. மறுநாள் பிளான் நம்பருக்குப் போன் பண்ணினாள். இரண்டே அறை வீடு, உள்ளே பேசினால் அவருக்குக் கேட்கும் என்று துணி துவைக்கிற கல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"கறை எதனால மேடம்? டீயா, காபியா, பேனா மையா?" என்று போனில் ஒரு பெண் கேட்டாள்.

ஜோதியம்மாள் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, "டீ," என்றாள்.

வந்த ஆளுக்கு நடுத்தர வயசு, பெங்களூர்க்காரர். ராயக்கோட்டையில் ஒரு வேலையை முடித்துவிட்டு வரும் வழியில், சானமாவு காட்டுப் பக்கம் யானைகள் ரோட்டுக்கு வந்துவிட்டதால் லேட்டாகிவிட்டது என்று கன்னடமும் தமிழுமாகச் சொன்னார். கிருஷ்ணப்பன் மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். வந்தவர் சோபாவுக்கு முன்னால் மண்டி போட்டுக் குனிந்தார். குனிந்தவர் உடனே நிமிர்ந்துவிட்டார்.

"அம்மா," என்றார் குரலைத் தாழ்த்தி. "இது டீ இல்லம்மா."

"டீதாங்க. தண்ணி ஊத்திக் கழுவனதால ஒரு மாதிரி ஆயிருச்சு."

"ஒடம்புலருந்து வர்றது பிளான்ல சேராது. கொழந்தையோடதுன்னாலும் சேராது, பெரியவங்களோடதுன்னாலும் சேராது. டீன்னு நான் போட்டு அனுப்புனா, போட்டோ பாத்துட்டு என்னைத்தான் வேலைய விட்டு எடுத்துருவாங்க."

"கடைல எல்லாக் கறையும்னு சொன்னாங்களே."

"அப்படித்தான் சொல்றாங்க. நான் போற பாதி வீட்டுல 'சேராது'ன்னு சொல்லிட்டுத்தான் வர்றேன். ஒருவாட்டி டீ கொட்னா சேரும். இந்த மாதிரி உண்மையா தேவைப்படறவங்களுக்கு இதால ஒண்ணும் ஆகறதில்லம்மா. ரெக்சின் எடுத்துருந்தீங்கன்னா நீங்களே தொடச்சிருக்கலாம்."

"இல்லைங்க, நல்லாப் பாருங்க, டீதான்..."

"ஜோதி."

இருவரும் திரும்பினார்கள். கிருஷ்ணப்பன் இடது கையை நெஞ்சில் வைத்திருந்தார். குழறும் நாக்கை இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"டீ இல்ல. நான்தான்."

வந்தவர் எழுந்துவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "ஏனாயித்தம்மா இவ்ரிகே?" என்று கேட்டார். என்ன ஆயிற்று இவருக்கு என்று ஜாடையிலேயே கேட்டிருந்தாலும் அவளுக்குப் புரிந்திருக்கும். சோபாவைத் தொடாமலே அந்த ஆள் கிளம்பிப் போன பிறகும் அதே இடத்தில் நின்றாள். புருஷன் அப்படிச் சொல்லும்படி ஆகக்கூடாது என்றுதான் இத்தனையும் செய்தாள். கடைசியில் அவரையே சொல்லவைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து கிருஷ்ணப்பன் சோபாவில் உட்காரவில்லை. "வாங்க, துண்டு மடிச்சுப் போடறன், ஒண்ணும் ஆவாது," என்று கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பிளாஸ்டிக் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முனிராஜ் போன் பண்ணி வரட்டுமா என்று கேட்டபோது தலையை ஆட்டி வேண்டாம் என்றார். அவளே ஒரு பொய் சொல்லிச் சமாளித்தாள்.

பக்கத்து வீட்டுச் சரசம்மாதான் முதலில் கவனித்தாள். "ஏங்க்கா, நீ வெச்சுட்டுப் போற சொம்புத் தண்ணி அப்படியே கெடக்குது. நான் குடுத்தாலும் வாங்க மாட்டேங்கறாரு."

தண்ணீர் குடிக்காவிட்டால் மூத்திரம் வராது என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். சில நாளில் குளிர்காய்ச்சல் கண்டு, நினைவு தப்பி ஏதேதோ பேசினார். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூத்திரத்தில் கிருமி சேர்ந்துவிட்டது, தண்ணீர் கொடுக்காமல் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று டாக்டர் அவளைத் திட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு சோபாவை விற்றுவிடலாம் என்று பார்த்தாள். பார்க்க வந்தவர்கள் பக்கத்தில் போனதும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு திரும்பினார்கள். இப்போது அதில் துவைத்த துணிகளை மடித்து வைக்கிறாள்.

காலையில் கம்பெனி வேன் வருவதற்கு முன், டம்ளரை அவர் உதட்டில் வைப்பாள்.

"எனக்காகக் குடிங்க. எத்தன தடவ ஆனாலும் நான் தொவைக்கிறன். எனக்கு ஒண்ணும் அசிங்கம் இல்ல."

"எனக்கு..." என்று தொடங்குவார். மீதி வராது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்வரை இரண்டு மிடறு குடிப்பார். தெருமுனையில் வேன் ஹாரன் அடிக்கும். போகாவிட்டால் வேலை போய்விடும். டம்ளரை அவர் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டுச் செருப்பை மாட்டுவாள். அவள் படி இறங்கும்போது, அவர் அதை மெல்லத் தள்ளி வைக்கும் சத்தம் கேட்கும்.