ஜெனோஷன் மாற்றிய ஒரு வரி

ஜெனோஷனை நான் முதலில் கண்டது டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் ரயில் நிலையத்தின் சைக்கிள் நிறுத்துமிடத்தில். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். புதிதாக வாங்கிய பழைய சைக்கிளின் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"தமிழோ?" என்று கேட்டான்.

"ஓம்."

"அப்ப இழுக்காதை மச்சான், அமத்து."

பத்து நிமிடம் கழித்து இருவரும் ஒரே கட்டடத்துக்குள் நுழைந்தோம். மேசைகளும் பக்கத்துப் பக்கத்திலேயே இருந்தன.

அவன் டென்மார்க்கில் பிறந்தவன். தகப்பன் தேவநாயகமும் தாய் புஷ்பராணியும் இறைச்சித் தொழிற்சாலையில் முதுகு முறிய வேலை செய்து படிப்பித்தவர்கள். ஞாயிறுகளில் வைலே நகரத்துக் கிறிஸ்தவ சபையில் கீபோர்ட் வாசிப்பான். தமிழ் கதைப்பான், எழுத்துத் தெரியாது. என் வயதுதான், ஆனால் வீடும் இரண்டு பிள்ளைகளும் இருந்தன. நான் இலங்கையில் வாகரைப் பக்கத்துக் கிராமத்தான். எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள். அதை நான் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன். "உன்ர பட்டத்தை பிரேம் போட்டு சைக்கிள்ல கட்டு," என்பான்.

எங்கள் நிறுவனம் குளிர் அறைகளுக்குக் கட்டுப்பாட்டுக் கருவி செய்வது. எனக்கு மூன்று மாதத் தகுதிகாண் காலம். அதைத் தாண்டாவிட்டால் வேலையும் இல்லை, அதோடு ஒட்டிய விசாவும் இல்லை.

அந்தக் கருவிகளை இயக்கும் கணினி நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் இன்னொருவர் வாசித்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அங்கே விதி. ஜெனோஷன் மூன்றரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரப் போய்விடுவான். முடியாத வேலையை எனக்கு அனுப்பி, "உன்ர பேரில போட்டுவிடு மச்சான், நான் போனில ஓகே பண்ணுறன்," என்பான். நானும் வாசிக்காமல் போட்டேன். அது என் பிழை, மறுக்கவில்லை.

ஏப்ரலில் அவன் அனுப்பிய மாற்றம் ஒரே ஒரு வரி. "குளிர் எண்டால் சைபருக்குக் கீழயும் போகும்தானே. அதுதான், கழித்தல் குறியும் வாற மாதிரி, குறியுள்ள எண்ணா மாத்திப்போட்டன்," என்றான். நியாயமாகத்தான் பட்டது.

அறையில் இருக்கும் உணரி, அளந்த வெப்பநிலையை நூறால் பெருக்கி, இரண்டு பைட்டாக அனுப்பும். ஒரு பைட் என்றால் எட்டுப் பெட்டி. ஒவ்வொன்றிலும் ஒன்று அல்லது சைபர். மேல் பைட்டை வைத்துவிட்டு |= என்ற குறியால் கீழ் பைட்டை அதோடு சேர்ப்போம்; எங்கெல்லாம் ஒன்று இருக்கிறதோ அதெல்லாம் சேர்ந்து அதே இடத்தில் பதியும். கீழ் பைட் குறியில்லாததாக இருந்தவரை பிரச்சினை இல்லை. அவன் செய்ததுபோல அதைக் குறியுள்ளதாக மாற்றினால், அதன் முதல் பெட்டியில் ஒன்று வந்ததும் இயந்திரம் அதை மறை எண் என்று எடுத்துக்கொள்ளும். பதினாறு பெட்டிக்கு விரிக்கும்போது, மதிப்பு மாறாமலிருக்க மேல் எட்டுப் பெட்டியையும் ஒன்றால் நிரப்பும். அந்த எட்டு ஒன்றுகளும் |= வழியாக உண்மையான மேல் பைட்டை மூடிவிடும்.

ஒரு பூ வியாபாரியின் குளிர் அறையில் கருவி 3.83 பாகையைச் சரியாகக் காட்டியது. 3.84 ஆனதும் சைபருக்குக் கீழே 1.28. உறைகிறது என்று பயந்து கதவுகளைத் திறந்துவிட்டார்கள். விற்பனைக்கு வைத்த ரியூலிப் பூக்கள் எல்லாம் ஒரே நாளில் விரிந்து கொட்டிவிட்டன.

முகாமையாளர் மெற்றே எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நிரல் மாற்றங்களின் பதிவில் எழுதியவர் என்று என் பெயர், ஒப்புக்கொண்டவர் என்று அவன் பெயர். நான் பலகையில் பெட்டிகளைக் கீறிப் பிழையை விளக்கினேன். ஜெனோஷன் இப்போதுதான் முதல்முறை கேட்பவன்போலத் தலையாட்டினான். இப்போது சொல்வான் என்று நினைத்துக்கொண்டே கீறினேன்.

"இவ்வளவு விளங்கிய நீங்கள் ஏன் அப்படி எழுதினீர்கள்?" என்று மெற்றே ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் மெற்றேயைப் பார்த்து டேனிஷில் சொன்னான்: "நான் மேலோட்டமாகத்தான் பார்த்தேன். அவன் எழுதியதை நம்பிவிட்டேன்."

எனக்கு அந்தளவு டேனிஷ் அப்போதே விளங்கும். அது அவனுக்குத் தெரியாது.

"அதை எழுதினது ஜெனோஷன்," என்றேன். மெற்றே பதிவைத் திரும்பப் பார்த்தார். அதில் என் பெயர்தான் இருந்தது.

வெளியே சைக்கிளைத் திறக்கும்போது பின்னால் வந்தான். "எனக்குப் பிள்ளையள் இருக்கு மச்சான். உனக்குப் பட்டம் இருக்கு, வேற இடம் கிடைக்கும்."

"உன்ர சபையில இதைச் சொல்லு," என்றேன்.

தகுதிகாண் காலம் முடியுமுன் வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் வந்தது. விசா முடிய ஒன்பது நாள் இருக்கும்போது சில்க்போர்க் நகரில் வேலை எடுத்தேன். இங்கே என் பெயரில் போகும் ஒவ்வொரு வரியையும் நானே வாசிக்கிறேன்.

ஜெனோஷன் ஹோர்சன்ஸில் அதே நிறுவனத்தில் இருக்கிறான். ஓகஸ்டிலிருந்து குழுத் தலைவன்.